வியப்பும் நன்றியும்

மனிதன் அரியனவற்றைக் கண்டு வியக்கின்றான். எளியனவற்றைக் கண்டு வியப்பதில்லை. ஹாலி என்னும் வால்மீன் ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஞாயிற்றை அணுகி வருவது. அது 1910-ஆம் ஆண்டிலும் 1986-ஆம் ஆண்டிலும் வந்தபொழுது, பல நாட்டு மக்களும் அதனைக் காணும் ஆவலோடு வானத்தை நோக்கி நின்றனர். இனி அது 2061-ஆம் ஆண்டில் வரும். அன்றும் மக்கள் அவ்வாறே நிற்பர். ஆனால், அவ்வால்மீன் எந்த ஞாயிற்றைச் சுற்றி வருகின்றதோ, அந்த ஞாயிறு நாள்தோறும் கீழ்வானைச் சிவக்கச் செய்து எழுகின்றது. அவ்வெழுச்சியைக் கருத்தூன்றிக் காண்போர் எத்தனை பேர்? அரிதாக வருவதனால் வால்மீன் பெருமை பெறுகின்றது. தவறாது வருவதனாலேயே ஞாயிறு பெருமை இழக்கின்றது. தவறாமை என்பது ஒரு குற்றமா?

இந்நிலைக்குக் காரணம் பழக்கம். பழக்கம் தீயது என்று கூறுவதற்கில்லை. நடத்தலும் எழுதுதலும் பழக்கமாகிவிட்டமையால்தான் மனிதன் தன் கருத்தைப் பிற செயல்களில் செலுத்த முடிகின்றது. ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி எடுத்து வைப்பவன் ஊர் போய்ச் சேரான். ஆயினும், கைக்கும் காலுக்கும் துணையாகும் பழக்கம் கண்ணுக்குத் திரையாகிவிடுகின்றது. குற்றாலத்து அருவியை முதன்முறையாகக் காணும் சிறுவன் இமை கொட்டாது நிற்கின்றான். அருவிக்கு அருகே நெடுநாள் கடை வைத்திருப்பவனோ அதனை நிமிர்ந்தும் பாரான். அருவி சிறுத்துவிடவில்லை, கண்தான் பழகிவிட்டது. இத்திரையை விலக்கிப் பார்ப்பதற்கு முயற்சி வேண்டும். அம்முயற்சியைக் கற்பிப்பது கல்வியின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.

இலையில் இட்ட ஒரு பிடி சோற்றையே எடுத்துக்கொள்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். சோறு குழைந்துவிட்டது என்றும், ஆறிவிட்டது என்றும் உண்பவன் குறை கூறுகின்றான். அஃது இலைக்கு வந்த வழியை எண்ணுவதில்லை. அச்சோறு நெல்லாய் விளைவதற்குக் குறுகிய காலப் பயிராயின் நூறு நாளுக்கு மேலும், நீண்ட காலச் சம்பாப் பயிராயின் ஐந்து திங்கள் அளவும் வயலில் நின்றது. அந்நாள்களிலெல்லாம் நெற்பயிரின் இலைகள் கதிரவன் ஒளியைப் பற்றி, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் கூட்டி, உணவைச் சமைத்துக்கொண்டிருந்தன. அந்த ஒளி ஏறத்தாழ 15 கோடிக் கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, எட்டு நிமிடத்திற்குச் சற்று மிகுதியான நேரத்தில் அவ்விலைகளை வந்தடைந்தது. அடுப்பும் இல்லை, புகையும் இல்லை, ஓசையும் இல்லை. பச்சை இலைகள் அமைதியாக நடத்தும் இந்தச் சமையலினால்தான் ஆடுமாடுகளும் மனிதரும் உயிர் வாழ்கின்றனர்.

அப்பயிர்க்கு வேண்டிய நீர் வந்த வரலாறும் சிறியதன்று. காவிரி குடகு நாட்டுத் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடந்து கடலை அடைகின்றது. அதன் நீரைத் தடுத்து வயல்களுக்குத் திருப்பிய கல்லணையைக் கரிகாற்சோழன் கட்டினான் என்பது வழிவழி வந்த செய்தி. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் மேல் வந்து ஈரத்தை முகந்துகொண்டு கரை ஏறுகின்றது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி அக்காற்றினால் கிடைப்பதே. இனி, சேற்றில் இறங்கி உழுதவர், வெயிலில் குனிந்து நாற்று நட்ட பெண்டிர், களை பறித்தவர், கதிர் அறுத்தவர், நெல்லை அவித்துக் குற்றியவர், மூட்டை சுமந்தவர், உலையில் இட்டு வடித்தவர் ஆகிய அனைவருடைய உழைப்பும் அச்சோற்றில் கலந்துள்ளது. ஒரு பிடி சோற்றில் வானமும் மண்ணும் மனிதரும் ஒருங்கே கூடியிருக்கின்றமை எத்துணைப் பெரிய வியப்பு!

இவ்வளவு பேரையும் எண்ணிய பின்னும் ஓர் உழைப்பாளி விடுபட்டுப்போவது உண்டு. நன்செய் வரப்பிலும் புன்செய் நிலத்திலும் தோட்டத்திலும் மண்ணுக்குள் மறைந்து வாழும் மண்புழுவே அவ்வுழைப்பாளி. காலில் பட்டால் மக்கள் அருவருப்போடு விலகிச் செல்லும் அச்சிற்றுயிரை ஆங்கில நாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கருத்தூன்றி ஆராய்ந்தார். 1837-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஓர் ஆய்வுரை படித்தார். 1881-ஆம் ஆண்டில், தாம் இறப்பதற்கு முந்திய ஆண்டில், அதனைப் பற்றியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். உலகப் புகழ் பெற்ற அம்முதியவர் மண்தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவற்றிற்குச் செவிப்புலன் உண்டா என்று சோதித்தார். அவற்றின் அருகே பியானோ என்னும் இசைக்கருவியை முழக்கினார், அவை அசையவில்லை. பின்னர்த் தொட்டிகளை அக்கருவியின் மேலேயே வைத்து முழக்கினார். உடனே அவை தம் வளைகளுக்குள் ஒளிந்துகொண்டன. காற்றில் வரும் ஓசையை அவை கேளா என்பதையும், மண்ணில் பரவும் அதிர்ச்சியை உணரும் என்பதையும் அவர் இவ்வாறு தெளிந்தார். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஓராண்டில் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் மண்புழுக்களின் உடல் வழியாகச் சென்று மேலே வருகின்றது என்று கணக்கிட்டும் காட்டினார். கலப்பை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே உலகத்தை உழுதுகொண்டிருந்தவை இப்புழுக்களே.

தமிழ்ப் புலவர்களும் இதனைக் கண்டு போற்றாமல் இல்லை. டார்வின் நூல் வெளிவந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1891-இல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயம் என்னும் நாடகம் வெளிவந்தது. அதில் நடராசன் என்பான் வயற்புறத்தே நின்று, மண்புழுவை, நாங்கூழ்ப் புழு என்னும் அதன் பழம்பெயரால் விளித்துப் புகழ்கின்றான். ஒருவர் அளந்தும் எண்ணியும் ஆராய்ந்தார். மற்றொருவர் கவிதையில் பாடினார். இருவரையும் குனிந்து நோக்கச் செய்தது ஒரே புழுதான்.

அறிவு வளர வளர வியப்புக் குறையும் என்று கருதுவார் சிலர் உளர். வானவில் எவ்வாறு தோன்றுகின்றது என்று அறிந்தவனுக்கு அதன் அழகு மறைந்துவிடும் என்பது அவர்கள் கொள்கை. இக்கொள்கை பொருந்தாது. காரணம் அறியாமையால் தோன்றும் வியப்பு, காரணம் அறிந்தவுடன் நீங்கிவிடும் என்பது உண்மையே. செப்படி வித்தைக்காரனின் உள்ளங்கையில் ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்டவன் பின்னர் அவ்வித்தையை வியவான். ஆனால், இயற்கை செப்படி வித்தை அன்று. அதன் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே பத்துக் கதவுகள் தோன்றுகின்றன. மண்புழுவைப் பற்றி ஒன்றும் அறியாதவன் அதனை வியப்பதில்லை. நாற்பது ஆண்டு ஆராய்ந்தவரே வியந்தார். ஆதலின், அறிவு வியப்புக்குப் பகையன்று. அதனை வளர்க்கும் செவிலித்தாயே ஆகும்.

எனினும், வியப்பு மட்டும் போதுமா? போதாது. மானின் அழகை வியந்தவனே அதன் மேல் அம்பு எய்வதும் உண்டு. மலைவளத்தைக் காணச் சென்று, அழகு அழகு என்று புகழ்ந்துவிட்டு, தான் கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் ஓடையில் எறிந்து வருபவனும் அம்மலையை வியந்தவனே. நன்றியோடு கூடாத வியப்பு வேடிக்கை பார்த்தலாகவே முடிகின்றது. இது பெரிது என்று உணர்வது வியப்பு. இதனால் வாழ்கின்றேன் என்று உணர்வது நன்றி. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும்பொழுதே மனிதனுடைய ஒழுக்கம் மாறத் தொடங்குகின்றது.

தமிழ்ச் சான்றோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு வைக்கப்பட்டுள்ளது. செய்ந்நன்றி அறிதலுக்கும் தனி அதிகாரம் உள்ளது. சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றிய பின்னரே கதையைத் தொடங்குகின்றது. உழவர் தைத்திங்கள் முதல் நாளில் புதுப்பானையில் பொங்கலிட்டு ஞாயிற்றுக்குப் படைக்கின்றனர்; மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி வழிபடுகின்றனர். இவையெல்லாம் உயர்ந்த வழக்கங்களே. ஆனால், ஆண்டுக்கு ஒரு நாள் கூறும் நன்றி ஆண்டு முழுவதற்கும் போதுமானது என்று எண்ணிவிடுதல் தவறு. நன்றி சொல்லால் தொடங்கலாம், செயலால்தான் நிறைவுறும்.

செயலால் நிறைவுற்ற நன்றிக்கு வேடந்தாங்கல் சான்றாகும். செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள இவ்வூரின் ஏரி மிகப் பெரியதன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புடையது. மழைக்காலம் தொடங்கியதும் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், கரண்டிவாயனும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும் கூட்டங்கூட்டமாக அங்கு வருகின்றன. நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இமயத்திற்கு அப்பாலுள்ள நாடுகளிலிருந்து கிளுவையும் ஊசிவால் வாத்தும் வந்து தங்கிச் செல்கின்றன. பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலப்பதனால் அந்நீர் பாயும் வயல்களுக்கு அது நல்ல உரமாகின்றது. இவ்வுண்மையை அவ்வூர் மக்கள் தம் பட்டறிவினால் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் அங்குச் சென்று பறவைகளைச் சுட்டபொழுது, உழவர் வாளாவிருக்கவில்லை. மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குக் காவல் அளித்துக் கவுல் என்னும் உறுதிச்சீட்டு வழங்கினார். அது 1858-ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பெற்றது. 1936-ஆம் ஆண்டில் அவ்வேரி பறவைகளின் புகலிடமாக ஏற்கப்பெற்றது. 2022-ஆம் ஆண்டில் உலகப் பெருமை வாய்ந்த நீர்நிலைகளுக்குரிய ராம்சார் பட்டியலிலும் அஃது இடம்பெற்றது. துப்பாக்கி ஏந்திய அயலாரின் ஆட்சியில், வாய் பேசாப் பறவைகளுக்காக வழக்குரைத்த அவ்வுழவரின் நெஞ்சுரம் போற்றத்தக்கது.

உரம் கிடைப்பதனால்தான் அவர்கள் பறவைகளைக் காத்தனர். அது தன்னலமே அன்றி நன்றியாகாது என்று ஒருவர் மறுக்கலாம். பெற்ற நன்மையை அறிதலே நன்றியின் முதற்படி என்பதை அவர் மறந்துவிடுகின்றார். நன்மை பெற்றும் அதனை அறியாதார் உலகத்தில் மிகப் பலர். மேலும், அறிந்த நன்மைக்காகத் தம் இன்பத்தைத் துறக்கும் நிலையும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் புகலிடத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சி ஓடிவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காமல் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். பட்டாசின் மேல் ஆசை கொள்ளாத சிறுவர் உண்டோ? அவ்வூர்ச் சிறுவர்க்கும் அவ்வாசை இருத்தல் இயல்பே. அதனை அடக்கிக்கொண்டு, மரத்தின் மேல் உறங்கும் குஞ்சுகளுக்காக அமைதியாகப் பண்டிகை கொண்டாடும் அவர்களிடம் கற்றறிந்தோரும் பாடம் கற்கலாம்.

நன்றி மறந்ததன் விளைவைக் காட்டுவதற்கும் ஒரு பறவையின் வரலாறு உண்டு. பழந்தமிழ் நூல்களில் பாறு என்று வழங்கும் பிணந்தின்னிக் கழுகே அப்பறவை. மொட்டைத் தலையும் வளைந்த அலகும் உடைய அதனைக் கண்டு மக்கள் முகம் சுளித்தனர்; அதன் பெயரையும் இழிவாகவே வழங்கினர். அதுவோ, இறந்த கால்நடைகளின் உடல்களை விரைவில் தின்று, அழுகலும் நாற்றமும் பரவாமல் ஊரைத் தூய்மை செய்து வந்தது. கூலி பெறாத அத்தொழிலாளியை வியந்தவரும் இலர். அதற்கு நன்றி கூறியவரும் இலர். மாடுகளின் நோவுக்குக் கொடுத்த டைக்குளோஃபெனக் என்னும் மருந்து, அவை இறந்தபின் அவற்றின் உடலைத் தின்ற பாறுகளுக்கு நஞ்சாயிற்று. இந்தியாவில் 1992-ஆம் ஆண்டிற்கும் 2007-ஆம் ஆண்டிற்கும் இடையே வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் குறைந்துவிட்டது. 2004-ஆம் ஆண்டில் அறிஞர் காரணத்தைக் கண்டு கூறினர். 2006-ஆம் ஆண்டில் அம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது இந்தியாவில் தடை செய்யப்பெற்றது. அதற்குள் பல ஊர்களின் வானம் வெறுமையாகிவிட்டது. தமிழ்நாட்டில் முதுமலையை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய சில பாறுகள் கூடு கட்டி வாழ்கின்றன.

பாறுகளை அழிக்க வேண்டும் என்று ஒருவரும் எண்ணவில்லை. தீய எண்ணத்தால் நேர்ந்த கேடு அன்று அது. அவற்றைக் கருத்தோடு நோக்கியவர் சிலரே. ஆதலின், அவை குறைந்து வந்ததை உடனே அறிந்தவரும் சிலரே. காணாத கண் நன்றி கூறாது. நன்றி கூறாத கை காவாது. எளியவற்றை வியத்தல் புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று என்பதும், உலகம் நிலைத்து வாழ்வதற்கு வேண்டிய காவற்பணி என்பதும் இதனால் விளங்கும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். நன்றியுணர்வு என்பது இருப்பதே போதும் என்று அடங்கிக் கிடத்தல் அன்று. பசித்திருப்பவனிடம் மழையின் பெருமையை எடுத்துரைத்து அவனை அமைதிப்படுத்த முயல்வது அறமாகாது. உண்மையான நன்றி கொடுத்தவரின் நலத்தை நாடும். சோற்றை வியந்து உண்பவன் அதனை விளைவித்த உழவனுக்கு உரிய விலை கிடைத்ததா, நாற்று நட்ட பெண்ணுக்கு உரிய கூலி கிடைத்ததா என்று கேட்பான். தெருவின் தூய்மையைக் கண்டு மகிழ்பவன், விடியுமுன் அதனைக் கூட்டிப் பெருக்கியவரை மதித்துப் பேசுவான். மழையை வாழ்த்துபவன் ஏரியைத் தூர்த்து வீடு கட்ட ஒருப்படான். இவ்வாறு கேள்வியாகவும் மதிப்பாகவும் மறுப்பாகவும் வெளிப்படாத நன்றி வெறுஞ்சொல்லே.

இப்பண்பை இளமையிலேயே பயிலுதல் எளிது. இதற்குப் பொருட்செலவு இல்லை, நெடும்பயணமும் வேண்டா. மாணவன் ஒருவன் தன் பள்ளிக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். அதன் பெயர் யாது, அஃது எத்திங்களில் இலை உதிர்க்கின்றது, எப்பொழுது பூக்கின்றது, அதில் எவ்வெப்பறவைகள் வந்து அமர்கின்றன, அதன் நிழலில் யார் யார் இளைப்பாறுகின்றனர் என்பவற்றை ஓராண்டு நோக்கிக் குறித்துவரட்டும். ஆண்டின் இறுதியில் அம்மரம் அவனுக்கு வெறும் மரமாக இராது; பெயரும் வரலாறும் உடைய நண்பனாகிவிடும். அதனை வெட்ட ஒருவர் கோடரியோடு வந்தால், ஏன் என்று கேட்கும் துணிவு அவனுக்குத் தானே பிறக்கும். வேடந்தாங்கல் உழவர்க்குப் பிறந்த துணிவும் இத்தகையதே.

பெறுதற்கரியன சில, பெற்றும் உணராதன பலப்பல. காற்றும் ஒளியும் நீரும், புழுவும் பறவையும், பிறர் உழைப்பும் கேளாமலே வந்து உதவுகின்றன. கேளாமல் வருவதனால் அவை மதிப்பற்றவை ஆகிவிடா. அவற்றைக் கண்டு வியத்தல் அறிவு. அவற்றிற்குக் கடமைப்பட்டிருத்தலை உணர்தல் பண்பு. உணர்ந்தவாறு அவற்றைக் காத்தல் அறம். இம்மூன்றும் ஒருங்கே பெற்றவனே கற்றவன் என்னும் பெயர்க்கு உரியவன் ஆவான்.